குளுவாங்கிலிருந்து ஆயர் பாப்பான்: ஒரு ராத்திரி கூடாரம், கரைத்தூண்டில் – எப்படித் திட்டம் போடுவது?

மெங்கிபோல் தம்பி:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. ஆகஸ்டு மாதம் ஒரு சனி-ஞாயிறு, நாங்க அஞ்சு பேர் ஜொகூர் குளுவாங்கிலிருந்து மெர்சிங் பக்கம் ஆயர் பாப்பான் கடற்கரைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி மீன் பிடிக்கலாம்னு இருக்கோம். ஒரு மைவி கார், ஒரு ஹைலக்ஸ் பிக்கப். கையில இருக்கிறது: 12 அடி கரைக்கம்பு ரெண்டு, தோட்டத்துக் குட்டையில தோமான் விராலுக்குப் போடுற 6 அடி கம்பு மூணு, நாலு பேர் படுக்கிற கூடாரம் ரெண்டு, 50 லிட்டர் ஐஸ் பெட்டி ஒண்ணு. ஆறு, குட்டை எல்லாருக்கும் பழக்கம். கடல்கரை புதுசு.

வெள்ளிக்கிழமை மில் ஷிப்டு முடிஞ்சு ராத்திரி 10 மணிக்குக் கிளம்புறதா, சனி காலையில கிளம்புறதா? எந்த வாரம் நல்லது? மணல்ல கூடாரம் நிக்குமா? ஈயம் எவ்வளவு, இரை என்ன? பிடிச்ச மீன் ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் கெடாம இருக்கணும். தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

கரையோரம்:

தம்பி, தண்ணி ஏறி இறங்குற நேரத்தை வச்சுத் தேதியை முடிவு பண்ணுங்க. எப்போ கிளம்பணும், எங்கே கூடாரம், எப்போ சமையல் எல்லாம் அதுலேர்ந்து தானா வரும்.

அந்தக் கரை சரிவு குறைஞ்சது. வத்திடுச்சுன்னா கடல் ரொம்பத் தூரம் பின்வாங்கும். அப்போ 70 மீட்டர் எறிஞ்சாலும் ஈயம் முழங்கால் தண்ணியிலதான் விழும். ஏறுற தண்ணியோடதான் மீன் கரைக்கு மேய வரும். உச்சத்துக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஆரம்பிச்சு, உச்சம் தாண்டி ஒரு மணி நேரம் வரைக்கும் கம்பு தண்ணியில இருக்கணும். இந்த மூணரை மணி நேரம் பொழுது சாயுற நேரத்துல வர்ற சனிக்கிழமையைத் தேடுங்க. கைப்பேசியில தண்ணி ஏறி இறங்குற நேரம் பார்க்கும்போது மெர்சிங்கைத் தேர்ந்தெடுங்க. போர்ட் கிள்ளான் கணக்கு மேற்குக் கரைக்கானது, இங்கே உதவாது. உச்ச நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும்ங்கிறதையும் மனசுல வச்சுக்குங்க.

ஓட்டத்தோட வேகத்துக்கு வீட்டுச் சுவத்துல தொங்குற தமிழ் நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆயர் பெசார்: இழுப்பு அதிகம், குப்பையும் பாசியும் தூண்டில் நரம்புல மாலை மாதிரி தொங்கும். அஷ்டமி, நவமியை ஒட்டி ஆயர் மாத்தி: தண்ணி அசையாது, இரையோட வாசனையும் போய்ச் சேராது. ரெண்டுக்கும் நடுவுல பஞ்சமி, சஷ்டி, சப்தமி நாட்கள் கரைத்தூண்டிலுக்கு வசதி. திதியும் மாலை உச்சமும் ஒத்துவரலைன்னா மாலை உச்சத்தைத்தான் நான் எடுப்பேன்.

ஆகஸ்டு நல்ல மாதம். வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் அந்தக் கரையை அடிக்கும், அப்போ இந்தப் பேச்சே வேண்டாம். 2025 ஜனவரியிலேர்ந்து ஜொகூருக்கும் சனி-ஞாயிறுதான் விடுமுறை, அதனால எல்லா ஊர்க்காரங்களும் ஒரே நாள்ல வருவாங்க. சவுக்கு நிழல் வேணும்னா காலையிலயே போய்ச் சேரணும்.

வெள்ளி ராத்திரி 10 மணி வேண்டாம். காஹாங் தாண்டி ஜெமாலுவாங் வரைக்கும் ரெண்டு பக்கமும் செம்பனையும் காடும். யானை சாலையைக் கடக்கிற இடம். ஷிப்டு முடிஞ்ச தூக்கக் கண்ணோட அந்த இருட்டுல ஓட்டக்கூடாது. சனி காலை 7 மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்புங்க, மெர்சிங்குக்கு ஒன்றரை மணி நேரம். யானை நின்னா தூரத்துலயே நிறுத்துங்க. ஹார்ன் அடிக்காதீங்க, ஹைபீம் போடாதீங்க, படம் எடுக்க இறங்காதீங்க. அது காடி (வண்டி) பக்கம் திரும்பினா மெதுவாப் பின்னாடி எடுங்க.

சீக்கிரம் போனா இன்னொரு லாபம் இருக்கு. தண்ணி வத்தியிருக்கும்போது கரையில நடந்து பாருங்க. மணல் திட்டுக்கும் கரைக்கும் நடுவுல நீளமாப் பள்ளம் ஓடும், தண்ணி தேங்கிக் கிடக்கும். ராத்திரி மீன் நடமாடுற பாதை அதுதான். பள்ளத்துக்கு நேரா கரையில ஒரு குச்சி நட்டு, குச்சியிலேர்ந்து பள்ளம் எத்தனை தப்படின்னு எண்ணி வச்சுக்குங்க. சாயங்காலம் எல்லாம் தண்ணிக்குள்ள மறைஞ்ச பிறகு எறிய வேண்டிய இடம் தெரியும்.

நரம்பும் முள்ளும்:

அண்ணன் நேரம் சொல்லிட்டாரு, நான் சாமானைச் சொல்றேன்.

12 அடி கம்புக்கு 5000 அல்லது 6000 அளவு மெசின் (நரம்பு சுத்துற உருளை), 20-லேர்ந்து 30 பவுண்டு பின்னல் நரம்பு 200 மீட்டர். ஸ்பூல் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழேயே நிறுத்துங்க. வழிய வழியச் சுத்தினா எறியும்போது கொத்தாக் கிளம்பிச் சிக்காகும். ஈயம் 4 அவுன்ஸ், கம்பிக்கால் வச்சது. மொட்டை ஈயம் ஓட்டத்துல உருண்டு பக்கத்து ஆளோட நரம்புல போய்ச் சுத்திக்கும்.

புதுசா வர்றவங்க விட்டுடுறது லீடர், அதாவது பின்னல் நரம்புக்கு முன்னால கட்டுற தடிச்ச நரம்பு. பின்னல் நரம்பை நேரா ஈயத்துல கட்டி முழு வீச்சுல எறிஞ்சா நரம்பு அறுந்து 4 அவுன்ஸ் ஈயம் தனியாப் பறக்கும். பக்கவாட்டுல போனா ஆளோட தலைக்குத்தான். ஒரு அவுன்ஸுக்கு 10 பவுண்டுன்னு கணக்கு: 4 அவுன்ஸுக்கு 40 பவுண்டு ஒற்றை நரம்பு. நீளம் கம்பைப் போல ரெண்டு மடங்கு, அதாவது எறியத் தயாரா நிக்கும்போது ஸ்பூல்ல அஞ்சாறு சுத்து லீடர் இருக்கணும். ரெண்டு நரம்பையும் சேர்க்க எப்.ஜி.ங்கிற முடிச்சு. அதை வீட்டுல கட்டிட்டுப் போங்க, கரையில டார்ச் வெளிச்சத்துல, ஈரக் கையில சரியா இறுகாது. ஆள்காட்டி விரலுக்குத் தோல் உறை அவசியம், பின்னல் நரம்பு கத்தி மாதிரி அறுக்கும். ஈயம் தண்ணியைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஸ்பூலை விரலால தடவி நிறுத்துங்க. விழுந்த பிறகும் நரம்பு தளதளன்னு கிடந்தா அந்தத் தொய்வு காத்துல முடிச்சாகிடும்.

கெலாமா (கத்தாழை மீன்), டுரிக்கு (கடல் கெளுத்தி) அப்பொல்லோ கட்டு: 40 பவுண்டு நரம்பு ஒரு மீட்டர், மேல சுழலி, கீழ ஈயக் கொக்கி, நடுவுல 40 சென்டிமீட்டர் இடைவெளியில ரெண்டு கிளை. கிளை 15 சென்டிமீட்டருக்கு மேல போனா தாய் நரம்பைச் சுத்திக்கும். முள் 1 அல்லது 1/0, வட்ட முள். வட்ட முள்ளுல ஒரு விஷயம்: மீன் கடிச்சதும் வெடுக்குன்னு இழுத்தா வாயிலேர்ந்து வெளியே வந்துடும். கம்பு வளையட்டும், அப்புறம் மெசினைச் சுத்துங்க. செனாங்கினுக்கு (காலா மீன்) நரம்புல நழுவி ஓடுற ஈயம், அதுக்குக் கீழ 30 பவுண்டு நரம்பு ஒன்றரை மீட்டர், ஒரே முள், முழு இறால்.

அந்த 6 அடி தோமான் கம்புல 4 அவுன்ஸ் எறிஞ்சா நுனி முறியும். ஆனா வீணில்லை. 15 கிராம் ஈயம், 8-ஆம் நம்பர் சின்ன முள், துண்டு பும்புன் (இரைக்குப் போடுற கடல் புழு). காலையில அலை உடையுற இடத்துலயே போடுங்க, கிழங்கான் கிடைக்கும். மலாய்க்காரங்க புலுஸ்-புலுஸ்னு சொல்றது. பொரிச்சா அதுக்கு ஈடு கிடையாது.

இறால் கடையில வாங்கினதும் தோலுரிச்சு, ஒரு கிலோவுக்கு 200 கிராம் கல்லுப்பு, அடுக்கு அடுக்காப் போட்டு ஒரு நாள் குளிர்பெட்டியில வைங்க. ஊறுற தண்ணியை வடிச்சுக்கிட்டே இருங்க. சதை ரப்பர் மாதிரி இறுகும், முள்ளுல நிக்கும். உறைஞ்சு கரைஞ்ச வெறும் இறால் எறியுற வேகத்துல பிஞ்சு பறந்துடும், அப்புறம் அரை மணி நேரம் வெறும் முள்ளோட காத்திருப்பீங்க. செனாங்கினுக்கு மட்டும் உப்புப் போடாத புது இறால், தோலோட. அதை மெல்லிசு ரப்பர் நூலால ஆறேழு சுத்து சுத்துங்க.

கம்பு நிறுத்த 2 அங்குலப் பிவிசி குழாய், 4 அடி நீளம், ஒரு முனையைச் சாய்வா அறுத்துக்குங்க. ஒன்றரை அடி மணல்ல இறங்கணும். நிறுத்தினதும் மெசின் டிராக்கை (நரம்பை இறுக்கிப் பிடிக்கிற திருகு) தளர்த்தி வைங்க. இல்லைன்னா பாரி (திருக்கை) வந்து இழுத்தா குழாயோட கம்பு கடலுக்குப் போயிடும். இடி கேட்டா கார்பன் கம்பை எல்லாம் படுக்கப் போட்டுட்டு காடிக்குள்ள போயிடணும். நல்லாக் கடிக்கிற நேரமா இருந்தாலும் சரி.

சவுக்குநிழல்:

கூடாரத்தைப் பத்தி ஒருத்தரும் சொல்லலையே, நான் சொல்றேன்.

அந்தக் கரையில ஒரு நாள்ல வர்ற ரெண்டு உச்சமும் ஒரே உயரம் இல்லை. மத்தியான உச்சத்தைப் பார்த்துட்டு இடம் பிடிச்சா ராத்திரி உச்சம் அதைவிட மேல வரலாம். அட்டவணையில மீட்டர் கணக்கைப் பாருங்க. மணல்ல காய்ஞ்ச பாசி, குச்சி, போத்தல் மூடி எல்லாம் வரிசையா ஒதுங்கியிருக்கும். அதுல ஆக உயரமான வரிசைக்கும் மேல, புல் தொடங்குற இடத்துல போடுங்க. தென்னை மரத்தடி கூடவே கூடாது. சவுக்கு மரத்தடி சரி, ஆனா மேல காய்ஞ்ச கிளை தொங்குதான்னு அண்ணாந்து பார்த்துட்டு.

கூடாரத்தோட வர்ற ஆணி மணல்ல நிக்காது. கடைப் பிளாஸ்டிக் பையில மணலை நிரப்பி வாயைக் கட்டி, அதுல கயித்தை முடிஞ்சு ஒரு அடிக்கு மேல ஆழமாப் புதைச்சு, மேல மிதிச்சு இறுக்குங்க. ஒரு கூடாரத்துக்கு ஆறு பை. கயிறு மணலை விட்டு வெளியே வர்ற இடம் பைக்கு நேர் மேல இருக்கக்கூடாது, கூடாரப் பக்கம் சாய்ஞ்சு வரணும். செங்குத்தா இழுத்தா பை மேல கிளம்பிடும். கிளம்பும்போது தோண்டி எடுத்துடுங்க, பிளாஸ்டிக்கைப் புதைச்சுட்டு வராதீங்க. வாசல் கடலைப் பார்க்காம பக்கவாட்டா இருந்தா ராத்திரிக் காத்துல மணல் உள்ள வராது.

அகாஸ்ங்கிற சின்ன மணல் பூச்சி விடியலிலயும் அந்தியிலயும்தான் கடிக்கும், சரியா நீங்க தூண்டில் போடுற நேரம். கொசுவத்திக்கு அது அசையாது. டீட் கலந்த மருந்தைக் கணுக்கால்ல தடவி நீளக் காற்சட்டை போடுங்க. மருந்து தடவின கையால இரையைத் தொடாதீங்க.

குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். அஞ்சு பேருக்கு 20 லிட்டர் தோம்பு ரெண்டு. அரிசி ஒரு வேளைக்கு ஆளுக்கு 120 கிராம் போதும். மீனை நம்பி குழம்புத் திட்டம் போடாதீங்க, முதல் வேளைக்கு வீட்டுலயே நெத்திலிச் சம்பல் செஞ்சு எடுத்துக்குங்க. மீன் மசாலாவை உப்போட கலந்து பொட்டலம் கட்டி, புளியைக் கரைச்சு போத்தல்ல கொண்டு போனா கரையில வேலை கம்மி. கேஸ் அடுப்பைச் சுத்தி நாலு பக்கமும் காத்துத் தடுப்பு வைக்காதீங்க. சூடு திரும்பி கேஸ் டப்பா வெடிக்கும். காத்து வர்ற பக்கம் மட்டும் ஐஸ் பெட்டியைத் தள்ளி வச்சா போதும். சாப்பாட்டை ராத்திரி காடிக்குள்ள பூட்டுங்க. குரங்குக்குக் கூடார ஜிப் ஒரு பொருட்டே இல்லை.

ரெண்டு காடியையும் கெட்டித் தரையில நிறுத்துங்க. ஹைலக்ஸ்தானேன்னு மணல்ல இறக்கிட்டு, தண்ணி ஏறும்போது சிக்கினா மைவியால இழுக்க முடியாது.

மெங்கிபோல் தம்பி:

ரொம்ப நன்றி. பையை வச்சு நங்கூரம் போடுறது நல்ல யோசனை. இன்னும் ரெண்டு. டுரி முள் குத்தினா என்ன செய்யணும்? ஐஸ் எத்தனை கிலோ, மீனை எப்படி வைக்கிறது?

உப்புக்காற்று:

டுரிக்கு முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கத் துடுப்புலயும் ஒண்ணொண்ணு, மொத்தம் மூணு முள். விறைச்சா பூட்டுப் போட்ட மாதிரி நிக்கும், ஓரமெல்லாம் ரம்பப் பல். துள்ளும்போது பிடிக்கப் போறவங்களுக்குத்தான் குத்தும். ஈரத் துணியைப் போர்த்தி, கீழ்த்தாடையை இடுக்கியால கவ்வித் தூக்குங்க. வெட்டுக் குறடால மூணு முள்ளையும் அடியோட நறுக்கிட்டு அப்புறம் தூண்டில் முள்ளைக் கழட்டுங்க. நறுக்கினதை மணல்ல போடாதீங்க, வெறுங்காலோட நடக்கிற குழந்தைக்குக் குத்தும். ஒரு போத்தலுக்குள்ள போட்டு மூடுங்க.

குத்திடுச்சுன்னா நல்லாக் கழுவி, பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணியில முக்குங்க, சுமார் 45 பாகை. சூட்டை இன்னொரு கையால பாருங்க, குத்துன கைக்குச் சூடு சரியாத் தெரியாது. அரை மணி நேரத்துலேர்ந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும், ஆறினா மாத்தி மாத்தி. அந்த நஞ்சு சூட்டுல முறியும், வலி இறங்கும். சுண்ணாம்பு, மஞ்சள் அப்பாதீங்க. முள் உள்ளே உடைஞ்சிருந்தாலோ, வீக்கம் ஏறினாலோ மெர்சிங் ஆஸ்பத்திரிக்குப் போய் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்குங்க. பாரி குத்துனாலும் இதே சுடுதண்ணிதான். பெரிய பாரின்னா கரைக்கு ஏத்தாம நரம்பை வெட்டி விடுங்க. அதனால தூண்டில் போடுற நேரம் முழுக்க ஒரு பிளாஸ்குல கொதிதண்ணி, ஒரு வாளி பக்கத்துலயே இருக்கட்டும். புந்தால் (பேத்தை மீன்) வந்தா, எவ்வளவு சின்னதா இருந்தாலும் திருப்பி விட்டுடுங்க. அதோட விஷம் சமைச்சாலும் போகாது.

ஐஸ்: அந்த 50 லிட்டர் பெட்டியை மீனுக்கு மட்டும் வைங்க. குடிக்கிற பொருளுக்கு வேற பெட்டி, மாத்தி மாத்தித் திறந்தா ஞாயிறு காலைக்குள்ள கரைஞ்சுடும். 15 கிலோ வாங்குங்க, பாதி கட்டி, பாதி நொறுக்கு. மீன் வந்ததும் செவுள் கிட்ட வெட்டி ஒரு வாளி கடல்தண்ணியில அஞ்சு நிமிஷம் ரத்தம் வடிய விடுங்க. பிறகு ரெண்டு பங்கு நொறுக்கு ஐஸ், ஒரு பங்கு கடல்தண்ணி கலந்த கூழ்ல முழுசா மூழ்கணும்.

கரையோரம்:

உப்புக்காற்று சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். ராத்திரி முழுக்க அந்தக் கூழ்லயே விடாதீங்க. ஐஸ் கரையக் கரைய உப்பு குறைஞ்சு தண்ணி சதைக்குள்ள ஏறும், கண் வெளுக்கும், தோல் நிறம் போகும். அரை மணி நேரத்துல மீன் கட்டை மாதிரி விறைச்சிடும். அப்போ எடுத்து, செவுளையும் குடலையும் நீக்கி, பையில போட்டு ஐஸுக்கு நடுவுல அடுக்குங்க. பெட்டியோட வடிகாலைக் கொஞ்சம் திறந்து வைங்க. குடலைக் கரையில வீசினா பியாவாக் (உடும்பு) வந்து கூடாரத்தைச் சுத்தும். கட்டி எடுத்துட்டுப் போய்க் குப்பைத்தொட்டியில போடுங்க.

உப்புக்காற்று:

ஆமாண்ணே, சரிதான். மறுநாள் வரைக்கும் வைக்கிறதா இருந்தா அப்படித்தான் செய்யணும்.

மெங்கிபோல் தம்பி:

கடைசியா ஒண்ணு. பும்புனை முதல் நாளே வாங்கி வச்சா உயிரோட இருக்குமா?

நரம்பும் முள்ளும்:

ஒரு நாள் தாங்கும். பிளாஸ்டிக் பையில வேர்த்துச் செத்துடும், அதனால பழைய நாளிதழ்ல கொஞ்சம் காய்ஞ்ச மணலோட சுத்தி, காத்துப் போற டப்பாவுல வைங்க. குடிதண்ணி பட்டா செத்துடும். ஐஸ் மேல நேரா வைக்காம, குடிக்கிற பொருள் பெட்டியில ஒரு துண்டை மடிச்சுப் போட்டு அதுக்கு மேல. செத்ததை உடனே பொறுக்கி எறிஞ்சிடுங்க, ஒண்ணு அழுகினா சுத்தியிருக்கிறதும் போயிடும்.