ரெகுலேட்டர் வாரண்டி: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். நான் புதுச்சேரியில் கடலில் ஸ்கூபா டைவ் செய்பவன். போன டிசம்பரில் ஆன்லைனில் ஒரு ரெகுலேட்டர் வாங்கினேன்; முதுகிலுள்ள சிலிண்டரின் காற்றை அழுத்தம் குறைத்து வாய்க்குத் தரும் கருவி இது. கடை விலையைவிட ஒன்பதாயிரம் ரூபாய் குறைவு. ‘கம்பெனி வாரண்டி 2 வருடம்’ என்று போட்டிருந்தார்கள், நம்பிவிட்டேன்.

போன ஞாயிறு 14 மீட்டர் ஆழத்தில், வாயில் வைத்திருந்த பகுதியிலிருந்து காற்று நிற்காமல் பீறிட ஆரம்பித்தது. சிலிண்டரின் காற்றழுத்தத்தைக் காட்டும் மீட்டரில் 110 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) இருந்த முள் கண்ணெதிரே 60க்கு இறங்கியது. கூட வந்த அண்ணன் தன் ஆக்டோபஸை (அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது வாய்ப்பகுதி) என் வாயில் கொடுத்து, கையைப் பிடித்து மெதுவாக மேலே கூட்டி வந்தார். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

சர்வீஸுக்குக் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சிலிண்டரின் 200 பாரைச் சுமார் 10 பாராகக் குறைக்கும் முதல் பாகத்தில் அழுத்தம் நிற்காமல் ஏறுகிறதாம். அதன் அடியில் சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தைத் தேய்த்தே எடுத்திருக்கிறார்கள். விரலால் தடவினால் சொரசொரக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் வாங்கினால்தான் வாரண்டி என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. விற்றவரிடமிருந்து பதிலே இல்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதும் தெரியும். இப்படி வழக்குப் போட்டுப் பணம் திரும்பப் பெற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் பில்லும் போதுமா? அப்புறம், சென்னை, புதுச்சேரி பக்கம் ஒரிஜினல் உதிரிபாகம் போட்டு, அழுத்தம் சோதித்துத் தரும் நம்பகமான டெக்னீஷியன் இருந்தால் சொல்லுங்கள். அதுவரை இதை யாருக்கும் இரவல்கூடக் கொடுக்க மாட்டேன்.