புதுப்பிப்பு: பழைய கணினியில் கட்டிய ஸ்விட்ச் ஓடுகிறது

பழைய டெஸ்க்டாப்பில் நான்கு போர்ட் லேன் கார்டுகள் இரண்டைச் செருகி நெட்வொர்க் ஸ்விட்ச் (பல கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) ஆக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிந்தது!

கார்டுகள் இன்டெல் ஐ350 சிப் உள்ளவை. லினக்ஸ் தனி டிரைவர் கேட்காமலே எட்டு போர்ட்டையும் கண்டுகொண்டது. எல்லாவற்றையும் ஒரே பிரிட்ஜில் (போர்ட்டுகளை ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் லினக்ஸ் வசதி) சேர்த்தேன், அவ்வளவுதான். எந்த மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள அடையாள எண்) எந்த போர்ட்டில் இருக்கிறது என்று லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலே கற்றுக்கொள்கிறது. அந்த முகவரியிலிருந்து 300 விநாடி ஒரு பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) வராவிட்டால் மறந்துவிடுகிறது. அந்தப் பட்டியல் கண்ணெதிரே நிரம்புவதைப் பார்க்கவாவது ஒருமுறை இதைச் செய்து பாருங்கள்.

நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் சோதனையில் வேகம் விநாடிக்கு 940 மெகாபிட்டை ஒட்டி வருகிறது. ஜிகாபிட் கேபிளில் டிசிபிக்கு (இணையத்தில் தரவு அனுப்பும் வழக்கமான நெறிமுறை) கிடைக்கும் உச்சமே அதுதான். சிறிய பாக்கெட்டுகள்தான் கடினம்: 64 பைட் ஃபிரேம் (கேபிளில் பாக்கெட்டைச் சுமக்கும் உறை) என்றால் ஒரு போர்ட்டுக்கு விநாடிக்குச் சுமார் 14.88 லட்சம் வரை கையாள வேண்டும். கடை ஸ்விட்சில் அதற்கென்றே சிப் உண்டு. இங்கே எல்லாம் சிபியு தலையில். வீட்டில் அந்தச் சுமை வராது.

மின்செலவு கேட்டவருக்கு: ஆமாம், கடை ஸ்விட்சைவிடப் பல மடங்கு. அதனால் வேலை இருக்கும்போது மட்டும் போடுகிறேன்.

அப்புறம், லினக்ஸ் பிரிட்ஜில் எஸ்டிபி (கேபிள்கள் வளையமாகிப் பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றுவதைத் தடுக்கும் நெறிமுறை) இயல்பாக அணைந்தே இருக்கும். இரண்டாவது ஸ்விட்சை இரட்டைக் கேபிளால் இணைக்கும் முன் அதை இயக்கிவிடுங்கள்.