மறுமொழி: யூனிசைக்கிள் கையேடு: 'ஒருகால் ஊர்தி'யும் இடப்பக்க பெடலின் மரையும்

குழுவினருக்கு வணக்கம்.

புதிதாகப் பழகுவோர் குறைந்த விலையில் யூனிசைக்கிள் (ஒரே சக்கரத்தில் மிதித்து ஓட்டும் வண்டி) வாங்க உதவும் சிறு கையேட்டுக்காகச் சொற்கள் கேட்டிருந்தேன். வந்த மடல்களில் பெரும்பாலானவை வண்டியின் பெயரையே சுற்றி வருகின்றன. அதை முதலில் முடித்துவிடுவோம். எனக்குச் சிக்கல் இருப்பது பெடலைத் தாங்கும் தண்டான க்ராங்கிலும் பெடலிலும்தான்.

> அகநானூற்றில் கதிரவனின் தேர் 'ஒருகால் ஊர்தி' எனப்படுகிறது. சங்கச் சொல் கையில் இருக்கப் புதிது எதற்கு?

ஐயா, சொல் அழகுதான். 'கால்' என்றால் சக்கரம் என்பது 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' படித்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் இன்று 'ஒருகால்' என்றால் 'ஒருவேளை'. முதல் வாரம் பழகுபவருக்கு அந்தப் பொருளும் பொருந்தும் என்பது வேறு விஷயம். விலைப்பட்டியலில் இந்தப் பெயரைப் பார்ப்பவர், ஒரு காலை இழந்தவர்களுக்கான வண்டி என்றே எடுத்துக்கொள்வார். கவிதைக்கு வைத்துக்கொள்வோம்.

> எங்கள் பக்கம் சக்கரத்தைச் சில்லு என்போம். 'ஒற்றைச்சில்லு' என்றால் யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கும் புரியும்.

புரியும், அம்மா. தமிழ்நாட்டுக் குழந்தைக்கோ சில்லு என்பது பாண்டி ஆட்டத்தில் எறியும் ஓட்டுத் துண்டு. 'ஒற்றைச் சக்கர வண்டி' என்று விரித்தால் கட்டட வேலையில் மண் தள்ளும் வண்டியும் அதற்குள் வந்துவிடுகிறது. ஜப்பானியர் 'இச்சிரின்ஷா' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கிறார்கள். அங்கே தொடக்கப் பள்ளி மைதானத்திலேயே இந்த வண்டியைப் பார்த்து வளர்கிறார்கள்; குழப்பம் வராது. நமக்கு வரும்.

சைக்கிளுக்கு ஈருருளி ஏற்கெனவே புழங்குவதால் 'ஓருருளி' இயல்பான தொடர்ச்சி. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறுகிறது. ஆகவே 'ஒற்றையுருளி'. மின்கலத்தில் ஓடும் வகைக்கு முன்னால் 'மின்' சேர்த்துக்கொள்ளலாம். பெயர் விவாதம் என்னளவில் முடிந்தது.

> 'சங்கிலியில்லா இயக்கம்' போதாதா? 'நேர்மிதி' என்று ஏன் தனிச்சொல்?

சங்கிலி இல்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது. வாங்குபவர் அறியாதது, காலை நிறுத்தினால் சக்கரமும் நின்றுவிடும் என்பது. க்ராங்க், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் அச்சிலேயே நேராக மாட்டப்பட்டிருக்கிறது, மிதிக்காதபோதும் சக்கரத்தை ஓடவிடும் ஃப்ரீவீல் கிடையாது. இதைத்தான் 'நேர்மிதி' என்கிறேன். இறக்கத்தில் காலுக்கு ஓய்வில்லை. பின்னோக்கி மிதித்தால் வண்டி பின்னோக்கி ஓடும். விழாமல் நிற்க உதவுவதும் அதுவே.

பணம் வீணாகும் இடமும் இங்கேதான். ஒரு மிதிச்சுற்றுக்குச் சக்கரம் ஒரே சுற்று. ஆகவே சக்கரத்தின் அளவே கியர். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர் நகரும். 24 அங்குலம் 1.9 மீட்டர். உயரமானவருக்குப் பெரிய சக்கரம் என்று விற்பவர் சொல்வதைக் கேட்டு 26-ஐ வாங்குபவர், ஒவ்வொரு சிறு தடுமாற்றத்தையும் அதிக விசையோடு சரிசெய்ய வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் 20, சிறு குழந்தைகளுக்கு 16. உயரத்தை இருக்கைத் தண்டு பார்த்துக்கொள்ளும். நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் 36 அங்குலம்வரை போகிறார்கள். அது பிற்காலக் கதை. 'நேர்மிதி' என்ற ஒரு சொல்லை விளக்கிவிட்டால் இத்தனையும் அதிலிருந்து கிளைத்து வரும். அதனால்தான் கேட்கிறேன்.

க்ராங்குக்கு 'வணரி' என்று ஒருவர் எழுதியிருந்தார். வளைந்த பொருள் என்ற வேர் சரி; பஞ்சர் கடையில் போய் வணரி கேட்டால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. 'மிதிதண்டு' எனக்குப் பிடித்திருக்கிறது. (மிதிவண்டி போல இதுவும் வினைத்தொகை, வல்லினம் மிகாது. 'மிதித்தண்டு' என்று திருத்தி அனுப்பிய நண்பர் பொறுத்தருள்க.) கையேட்டில் முதல் முறை 'க்ராங்க் எனப்படும் மிதிதண்டு' என்று எழுதிவிட்டுத் தொடரலாம்.

இந்தப் பாகத்தில் சொல் தெளிவாக இருந்தே ஆகவேண்டும். விலை குறைந்த வண்டிகளில் மிதிதண்டின் சதுரத் துளை, அச்சின் குவிந்த சதுர முனையில் இறுக்கப்பட்டிருக்கும். தளர்ந்திருப்பது தெரிந்தும் ஓட்டினால் துளையின் விளிம்பு நசுங்கிவிடும்; பிறகு எத்தனை இறுக்கினாலும் நிற்காது. பழைய வண்டி வாங்குவோர் முதலில் பெடல்கள் இரண்டையும் பிடித்து எதிரெதிராக அசைத்துப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் கோட்டத்தை உள்ளூர்க் கடையிலேயே எடுத்துவிடலாம். இருக்கையின் முனைகளில் உள்ள பிளாஸ்டிக் காப்பு தேய்ந்திருப்பது குறையல்ல. விழுந்து எழுந்த வண்டி என்பதற்கு அது சான்று. நசுங்கிய மிதிதண்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்போது மரை, அதாவது பெடலைத் திருகிப் பூட்டும் சுருள் வெட்டு. இடப்பக்க பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது என்பது ஈருருளி ஓட்டுவோருக்கும் பழக்கமான செய்தி. ஒற்றையுருளிக்கு முன்னும் பின்னும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. பெட்டியில் வந்த பாகங்களை வீட்டில் பூட்டுபவர் இருக்கையைத் திருப்பி மாட்டிவிட்டால், இடது பெடல் வலது காலுக்கு வந்துவிடும். ஓட்ட ஓட்டப் பெடல்கள் தாமாகக் கழன்று மிதிதண்டின் மரையும் போய்விடும். எல், ஆர் என்ற எழுத்துகளைப் பார்த்துப் பூட்டச் சொல்ல வேண்டும். அந்த மரைக்கு என்ன பெயர்?

> 'இடம்புரி மரை'. வலம்புரிச் சங்கு இருக்கிறது, இடம்புரிச் சங்கு இருக்கிறது. சொல் தயாராகவே இருக்கிறது.

பார்த்தவுடன் நானும் மகிழ்ந்தேன். பிறகு ஒரு சாதாரணச் சங்கையும் ஒரு திருகாணியையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். நாம் இடம்புரி என்று அழைக்கும் சாதாரணச் சங்கின் சுருளும், கடையில் வாங்கும் வழக்கமான திருகாணியின் சுருளும் ஒரே திசைதான். அரிதான வலம்புரிதான் இடப்பக்க பெடலின் மரையோடு ஒத்துப்போகிறது. விலங்கியலார் வலம்புரியை இடச்சுருள் என்று வகைப்படுத்துவதும் இதனால்தான்; பார்க்கும் முனை மாறினால் பெயரும் மாறுகிறது. ஆக, சங்கு மரபைப் பின்பற்றினால் இடது பெடலுக்கு 'வலம்புரி மரை' என்று எழுத வேண்டும். கையில் ஸ்பேனரோடு நிற்பவரிடம் இதைச் சொன்னால் நம்மை அடிக்க வருவார்.

'இடமரை' என்றால் இடப்பக்கத்தில் உள்ள மரையா, இடப்பக்கம் திருப்பும் மரையா என்ற ஐயம் எழும். 'எதிர்மரை' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால் இறுகும்; பயனர் அறிய வேண்டியது அவ்வளவே. வேறு இயந்திரங்களுக்கும் பொருந்தும்.

இருக்கைத் தண்டை இறுக்கும் பிடிக்கு இரண்டு சொல் வேண்டும். நெம்பினால் திறப்பதற்கு 'நெம்புபிடி', போல்ட் வைத்து இறுக்குவதற்கு 'போல்ட் பிடி'. மலிவான நெம்புபிடியில் விழும்போதெல்லாம் இருக்கை திரும்பிக்கொள்ளும். பழகுபவருக்கு இது பெரிய எரிச்சல். பலர் ஒரே வண்டியில் மாறி மாறிப் பழகுவதானால் மட்டும் நெம்புபிடி வசதி. உயரத்துக்கு: கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். தண்டு நீளமென்றால் இரும்பறுக்கும் வாளால் சிறிது அறுத்துவிடலாம்.

> விலை பற்றி ஒரு வரியும் இல்லையே?

அமெரிக்காவில் 100 டாலரை ஒட்டிய விலையில் பழகுவதற்கு ஏற்ற 20 அங்குல வண்டிகள் கிடைக்கின்றன. எஃகுச் சட்டம், பிளாஸ்டிக் பெடல், 125 மில்லிமீட்டர் மிதிதண்டு. பழக இது போதும். பிளாஸ்டிக் பெடலைக் குறையாக எண்ண வேண்டாம். பல் வைத்த உலோகப் பெடல் முழங்காலுக்குக் கீழே பதம் பார்த்துவிடும். படியிலிருந்து குதிக்கும் எண்ணம் இருந்தால் இந்த விலை வண்டியின் அச்சு தாங்காது. அதற்கெனப் பல வரிப் பற்கள் கொண்ட தடித்த அச்சு வேண்டும், விலையும் ஏறிவிடும். அந்தப் பல்லச்சுக்குச் சொல் இன்னும் அமையவில்லை.

'எதிர்மரை', 'நேர்மிதி' இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். வண்டியின் பெயருக்கு மறுப்பு இருந்தால் தனி இழையில்.