புகாக்கி ஏரிக்கரைச் சாலையில் கேம்பர்வேன் பயணம்: மூன்று இரவுகளுக்கு எந்த வழி உகந்தது?

கேள்வி: ஆக்லாந்துவாசி

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் பள்ளி விடுமுறையில், திருச்சியிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரையும் ஐந்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குச் செல்ல நானும் கணவரும் எண்ணியிருக்கிறோம். கிறைஸ்ட்சர்ச் வரை விமானத்தில் சென்று, அங்கே ஆறு பேர் படுக்கக்கூடிய கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுப்பதாகத் திட்டம். டெக்காபோ, புகாக்கி ஏரிக்கரை வழியாக அவ்ராக்கி மவுண்ட் குக் மலை, பிறகு லிண்டிஸ் கணவாயைக் கடந்து குவீன்ஸ்டவுன், அங்கிருந்து மீண்டும் கிறைஸ்ட்சர்ச் என்று மூன்று இரவுகளுக்குள் சுற்றி வந்துவிடலாம் என்பது கணவரின் கணக்கு. அப்பாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்கால் வலியும் உண்டு. இந்தச் சுற்று எங்களுக்குச் சரிப்படுமா, இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது நல்லது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: டிமாருக்காரன்

வணக்கம் சகோதரி. குவீன்ஸ்டவுனை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதே என் முதல் யோசனை. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மவுண்ட் குக் கிராமம் சுமார் 330 கிலோமீட்டர். அங்கிருந்து குவீன்ஸ்டவுன் 260 கிலோமீட்டருக்கு மேல். குவீன்ஸ்டவுனிலிருந்து கிறைஸ்ட்சர்ச் திரும்ப ஏறத்தாழ 480 கிலோமீட்டர். காரில் கடைசிப் பகுதிக்கு மட்டும் ஆறு மணி நேரம் ஆகும். ஆறு படுக்கை வண்டிகளில் பெரும்பாலானவை 3,500 கிலோவுக்கு மேல் எடை கொண்டவை என்பதால், திறந்த சாலையில் அவற்றுக்கு மணிக்கு 90 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. மலையேற்றத்தில் அதுவும் வராது. வண்டியை ஒப்படைக்கும் நாளில் பெரியவர்களை உட்கார வைத்து அந்தத் தூரத்தை ஓட்டுவது பயணமாக இருக்காது, தண்டனையாகத்தான் இருக்கும்.

மூன்று இரவுகளையும் மெக்கன்சி நிலப்பகுதிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஜெரால்டின், ஃபேர்லி, பர்க்ஸ் கணவாய் வழியாக டெக்காபோ. இது 2012இல் இருள்வானக் காப்பகமாக, அதாவது இரவு வானம் தெளிவாகத் தெரியும்படி செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடமாக, அறிவிக்கப்பட்ட பகுதி. மேகம் இல்லாவிட்டால் வண்டியின் விளக்கை அணைத்துவிட்டு வெளியே நின்றாலே பால்வழி தெரியும், இதற்கெனத் தனிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்பதில்லை. மறுநாள் டுவைசலுக்குப் போய் டீசலும் மளிகையும் நிரப்பிக்கொண்டு, சற்றே திரும்பி வந்து 80ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறுங்கள். புகாக்கியின் மேற்குக் கரையை ஒட்டி மவுண்ட் குக் கிராமம் வரை செல்லும் 55 கிலோமீட்டர் சாலை இதுதான். நீங்கள் தேடும் காட்சி முழுவதும் இதில்தான் இருக்கிறது.

இந்தச் சாலையில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். போகும்போது மலை கண்ணெதிரே இருக்கும்; ஆனால் ஏரி வலப்பக்கம் இருப்பதால், பீட்டர்ஸ் லுக்அவுட் போன்ற இடங்களில் நிறுத்த எதிர்வரும் வாகனங்களைக் குறுக்காகக் கடக்க வேண்டும். சுற்றுலாப் பேருந்துகள் ஓடும் சாலையில், பெரிய வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவருக்கு அது வேண்டாத வேலை. திரும்பி வரும்போது ஏரி இடப்பக்கம் வந்துவிடும். ஆகவே போகும்போது நிற்காமல் போய்விட்டு, மறுநாள் காலை இறங்கி வரும்போது ஆற அமர நிறுத்திப் பாருங்கள். பனியாறு அரைத்த பாறைமாவு நீரில் மிதப்பதால்தான் ஏரிக்கு அந்தப் பால் கலந்த நீலம். வெயில் ஏற ஏற அது இன்னும் துலங்கும். இது இயற்கை ஏரிதான் என்றாலும், மின்திட்டத்துக்காக இதன் மட்டத்தை முதலில் 9 மீட்டரும், 1970களில் மேலும் 37 மீட்டரும் உயர்த்தியிருக்கிறார்கள் என்பதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். மேட்டூர் அணையைப் பார்த்தவர்களுக்கு இதில் தனி ஈடுபாடு வரும்.

பதில்: லிட்டில்டன் மீனா

மேலே சொன்ன வழியை நானும் ஏற்கிறேன். தங்கும் இடத்தைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஏரிக்கரையில் மனம்போன இடத்தில் நிறுத்தித் தூங்க முடியாது. அனுமதித்த இடங்களிலும், பொருத்தப்பட்ட கழிப்பறையும், கழிவுநீரைத் தனக்குள்ளேயே தேக்கிவைக்கும் வண்டி என்பதற்கான பச்சை நிறச் சான்றும் உள்ள வண்டியாக இருக்க வேண்டும். 2023இல் வந்த சட்டம் இதைக் கடுமையாக்கிவிட்டது. வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போது முன்கண்ணாடியில் அந்தச் சான்று ஒட்டியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையடிவாரத்தில் தங்கப் பலரும் பரிந்துரைப்பது இயற்கைவளத் துறையின் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாம். ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. காட்சிக்கு ஈடு இணை கிடையாது. ஆனால் அங்கே மின் இணைப்பு கிடையாது. ஏப்ரல் இரவுகளில் குளிர் உறைநிலையை ஒட்டி இறங்கும் என்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவருக்கு மின்சார ஹீட்டரை இரவு முழுவதும் ஓடவிடக்கூடிய இடமே நல்லது. ஏரியின் தலைமாட்டில், அதே 80ஆம் எண் சாலையில் உள்ள கிளென்டானர் பார்க்கில் மின் இணைப்புள்ள இடங்களும் பொதுச் சமையலறையும் வெந்நீர்க் குளியலும் உண்டு. கிராமம் அங்கிருந்து இருபது நிமிடத் தூரம்தான். விடுமுறைக் காலம் ஆகையால் இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

ஹூக்கர் பாதை முழுவதும் நடந்தால் போய்வர 10 கிலோமீட்டர். 2025 ஏப்ரல் முதல் பாதையின் மேற்பகுதியை மூடிவிட்டுப் புதிய பாலம் கட்டும் வேலையைத் தொடங்கினார்கள். கிளம்புமுன் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு முதல் தொங்குபாலம் வரை நடந்தாலே போதும்.

வண்டிக்குள் ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள படுக்கைக்கு ஏணி வைத்து ஏற வேண்டும். அதை நீங்கள் எடுத்துக்கொண்டு, பின்பக்கப் படுக்கையைப் பெற்றோருக்குக் கொடுங்கள். இன்னொன்று: உள்ளே கடுகு தாளித்தால் புகை எச்சரிக்கை மணி அலறும். தாளிப்பை வீட்டிலேயே முடித்துப் புளிக்காய்ச்சலாகக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஆக்லாந்துவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. குவீன்ஸ்டவுனைக் கைவிடக் கணவர் அரை மனதோடு சம்மதித்துவிட்டார். இரண்டு ஐயங்கள் மட்டும் இருக்கின்றன. குழந்தை இருக்கையை எல்லா வண்டியிலும் பொருத்த முடியுமா? வாடகைக்கு மேல் வேறு என்ன செலவு வரும்?

பதில்: டிமாருக்காரன்

எல்லா வண்டியிலும் முடியாது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அங்கீகரிக்கப்பட்ட இருக்கை சட்டப்படி கட்டாயம். ஆனால் கேம்பர்வேனின் பின் இருக்கைகள் சிலவற்றில் அதைக் கட்ட நங்கூரப் பட்டைக்கான பிடிமானமே இருக்காது. எந்த இருக்கையில் பொருத்தலாம் என்று நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற்ற பிறகே முன்பணம் கட்டுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, டீசல் வண்டிக்குப் பம்பில் கொடுக்கும் விலையோடு கணக்கு முடிவதில்லை. ஓடிய கிலோமீட்டருக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணத்தை வண்டியை ஒப்படைக்கும்போது தனியாக வாங்குவார்கள். 3,500 கிலோ வரையுள்ள வண்டிக்கு அரசு வசூலிப்பது 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். அதற்கு மேற்பட்ட எடைக்கு விகிதம் வேறு. காப்பீட்டு ஒப்பந்தத்தையும் படியுங்கள். மவுண்ட் குக் அருகே உள்ள பால் ஹட் (Ball Hut) சாலை போன்றவற்றில் காப்பீடு செல்லாது என்று பல நிறுவனங்கள் பெயர் குறிப்பிட்டே விலக்கியிருக்கும்.

வடமேற்குக் காற்று பலமாக வீசும் என்று வானிலை எச்சரிக்கை இருந்தால், ஏரிக்கரையில் உயரமான வண்டியை ஓட்ட வேண்டாம். அதற்காகத்தான் மூன்றாவது இரவை டுவைசலில் வைத்து, ஒரு நாள் முன்பின் ஆனாலும் சமாளிக்கும்படி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கிராமத்தில் கியா கிளிகளைப் பார்த்தால் மகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். ஆனால் அவை வண்டியின் கதவு ரப்பரையும் வைப்பரையும் கொத்திப் பிய்த்துவிடும் என்பதால், தீனி எதுவும் போடாமல், யாராவது ஒருவர் வண்டியருகே நின்றுகொள்ளுங்கள்.