காயலான் கடைச் சாமானில் லைட்சேபர் செய்தால் அதை ரெப்ளிகா (அச்சு அசல் நகல்) என்று சொல்லலாமா?

மூணுகட்டை:
'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்துல (1977) நாயகன் லூக் இடுப்புல தொங்குமே, அந்த லைட்சேபர்ங்கிற ஒளிவாளோட கைப்பிடியைச் செஞ்சுக்கிட்டிருக்கேன். உடம்பு, காயலான் கடையில எடைக்கு வாங்கின, மூணு கட்டை (பேட்டரி) போடற பித்தளை டார்ச். பிடிக்கிற இடத்துல வைப்பர் ரப்பரைக் கீறி ஒட்டின கறுப்புப் பட்டை. அடியில இருக்குற வளையம் ஒரு பழைய தோல்பையோடது. இன்னொரு குழுவுல படம் போட்டேன். "கிராஃப்ளெக்ஸ் இல்லாம லூக் வாள் கிடையாது, இது பொம்மை"ன்னு ஒருத்தர் தீர்ப்பே எழுதிட்டார். நீங்க என்ன சொல்றீங்க?

துல்லியம்:
அவர் சொன்னது சரி. லூக்கின் கைப்பிடியை யாரும் காகிதத்தில் வரைந்து பிறகு செய்யவில்லை. அது ரோசெஸ்டர் நகரத்து கிராஃப்ளெக்ஸ் நிறுவனம் பத்திரிகைக் கேமராவுக்காக விற்ற ஃப்ளாஷ் கைப்பிடி. அந்தக் கிளாம்ப் (உடம்பை இறுக்கும் பட்டை), அந்தச் சிவப்புப் பொத்தான், அந்த விட்டம் எல்லாம் சேர்ந்ததுதான் பொருள். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு குழாய். அசல் கிடைக்காவிட்டால் அளவெடுத்துக் கடைந்த நகல்கள் விற்பனைக்கு இருக்கின்றன. அதை வாங்கலாம், அல்லது அதே அளவில் கடையலாம். டார்ச்சில் ரப்பர் ஒட்டுவது வேறு பொழுதுபோக்கு.

மூணுகட்டை:
சரி, அந்தக் கிராஃப்ளெக்ஸ் படத்துக்குள்ள எப்படி வந்துச்சு? செட் அலங்காரம் பார்த்த ரோஜர் கிறிஸ்டியன் லண்டன்ல ஒரு புகைப்படக் கருவிக் கடையில தூசி படிஞ்ச பெட்டியில எடுத்தார். பட்டையை சூப்பர் க்ளூ வெச்சு ஒட்டினார். கிளாம்புக்குள்ள மின்னுற குமிழ் வரிசை, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கால்குலேட்டரோட எண்களைப் பெருசாக் காட்டுற லென்ஸ். கையில காசு இல்ல, அதனால கிடைச்சதை ஒட்டினாங்க.

லூக்கோட குரு ஓபி-வான் வாளைப் பாருங்க. முதல் உலகப் போர்ல துப்பாக்கி முனையில வெச்சு எறிஞ்ச பிரிட்டிஷ் கையெறிகுண்டோட உடம்பு, ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் இன்ஜின்ல இருந்து ஒரு குழாய், பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கி உதிரி. அடியில இருக்குற குமிழ், ஆர்மிடேஜ் ஷாங்க்ஸ் கம்பெனியோட தண்ணிக்குழாய்த் திருகு! பாத்ரூம் திருகைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அந்த மனுஷன் சண்டை போட்டார். இந்தக் கூட்டத்துக்குத்தான் 1978ல கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் கொடுத்தாங்க. அவங்க வழியிலதான் நானும் போறேன்.

துல்லியம்:
இங்கேதான் உங்கள் வாதம் வழுக்குகிறது. கிறிஸ்டியன் இல்லாத ஒன்றை உண்டாக்கினார். அவர் எதை எடுத்து ஒட்டியிருந்தாலும் அதுதான் லைட்சேபர். நீங்கள் இருக்கிற ஒன்றைப் பார்த்துச் செய்கிறீர்கள். அந்தச் சுதந்திரம் உங்களுக்குக் கிடையாது.

நீங்கள் அடுக்கிய பட்டியலே என் பக்கத்துச் சாட்சி. அது ஜெட் இன்ஜின் குழாய், இது இன்ன கம்பெனித் திருகு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மங்கலான புகைப்படங்களை வைத்து ஒவ்வொரு பாகமாக ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். "எந்தக் குழாய்த் திருகானாலும் சரி" என்றால் அந்தத் தேடலுக்கே அர்த்தமில்லை.

இருட்டறை:
நான் சினிமாப் பைத்தியம் இல்லை, பழைய கேமராப் பைத்தியம். அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். அந்த ஃப்ளாஷ் மாட்டும் கிராஃப்ளெக்ஸ் கேமரா, ஸ்பீட் கிராஃபிக், சாதாரணக் கேமரா இல்லை. 1945இல் இவோ ஜீமாவில் கொடியேற்றும் அந்தப் படத்தை ஜோ ரோசென்தால் எடுத்தது அதில்தான். இன்று கேமரா கிடைக்கிறது, அதற்குரிய ஃப்ளாஷ் கைப்பிடி கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை கேட்க முடியவில்லை. வாங்கியவர்கள் அதில் ரப்பர் ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

மூணுகட்டை, நீங்க டார்ச்சையே அறுங்க. உங்க வாதம் சரியா தப்பா என்று எனக்குக் கவலையில்லை.

துல்லியம்:
இருட்டறை ஐயா, அதில் போட பல்பு எங்கே இருக்கிறது? ஒரு முறை எரிந்தால் தூக்கிப் போடும் ஃப்ளாஷ் பல்பு. ரசிகர்கள் தேடியதால்தான் அந்தக் கைப்பிடிகள் பரணிலிருந்து வெளியே வந்தன. இல்லாவிட்டால் அப்போதே உருக்குக்குப் போயிருக்கும்.

இருட்டறை:
பழைய சரக்கு பல்பு இன்னும் இருக்கிறது தம்பி. உருக்குக்குப் போகாமல் காப்பாற்றிவிட்டு அதில் துளை போடுவது என்ன நியாயம்?

கடைசல்_கோவை:
நான் லேத் பட்டறை வெச்சிருக்கறனுங்க. யார் பக்கம் நியாயம்னு பேச வரலை, வேலையைப் பத்திச் சொல்றேன்.

துல்லியம் சார் சொன்ன அளவுக்குக் காயலான் கடையிலயே வர முடியுமுங்க. கிராஃப்ளெக்ஸும் மூணு பெரிய கட்டை போடற சாமான்தான், நம்ம டார்ச்சும் அதேதான். கட்டையோட விட்டம் சுமார் 34 மி.மீ. அதனால ரெண்டு உடம்பும் கிட்டத்தட்ட ஒரே பருமன்ல வரும். டார்ச் பிடிக்கலைன்னா மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடற ஒன்றரை இஞ்ச் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் துண்டு எடுங்க. வெளிவிட்டம் 38.1. சுவர் 1.2 கனம்னா உள்ளே 35.7 நிக்கும், கட்டை தாராளமாப் போகும். ஆனா அது தகட்டை வளைச்சு வெல்டு வெச்ச பைப்புங்க. வெளியில பாலிஷ் போட்டு மறைச்சிருப்பாங்க, உள்ளே வெல்டு வரி முட்டிக்கிட்டு நிக்கும். அரை வட்ட அரத்துல அதை எடுத்துட்டு அப்புறம் கட்டையைப் போடுங்க.

எஸ்.எஸ்.ல துளை போடறவங்க பண்ற தப்பு, வேகமா ஓட்டறது. சூடு ஏறுச்சுன்னா அந்த இடம் இறுகிப் போகும், அப்புறம் பிட்டு வழுக்கும். வேகம் கம்மி, அழுத்தம் ஜாஸ்தி, எண்ணெய் விட்டுக்கிட்டே இருக்கணும். பித்தளைக்கு இந்தத் தொல்லை இல்லைங்க. ஆனா டார்ச் மேல இருக்கற குரோம்ல ஈயம் பிடிக்காது. பத்த வைக்கற இடத்துல உப்புத்தாள் போட்டு மஞ்சள் தெரியற வரைக்கும் தேய்ங்க. மூக்குல மாஸ்க் கட்டாயம்.

முலாம் போடறதுக்கு யூடியூப் பார்த்துட்டு எஸ்.எஸ். ஸ்பூனைத் தொட்டிக்குள்ள விட்டுக் கரண்டு கொடுக்காதீங்க. அதுல இருந்து இறங்கற குரோமியம் விஷமுங்க. நிக்கல் முலாம் பட்டறையில கொடுத்துடுங்க, ஒரு சின்ன உருப்படிக்குப் பெரிசா செலவு ஒண்ணும் ஆகாது.

புது_ஆள்:
அண்ணா, இதே மாதிரி அந்தப் படத்து வில்லன் படை ஸ்டார்ம்ட்ரூப்பர் துப்பாக்கி பண்ணலாமா? ஏர்கன் ஸ்க்ராப் கிடைக்குது.

கடைசல்_கோவை:
வேண்டாம் தம்பி. படத்துல அது நிஜ ஸ்டெர்லிங் துப்பாக்கியில நாலு சாமான் ஒட்டினது. அதே துப்பாக்கியைத்தான் கான்பூர்ல செஞ்சு நம்ம போலீஸ் தோள்ல மாட்டியிருக்காங்க. அச்சு அசலா இரும்புல பண்ணிப் பஸ்ஸுல எடுத்துட்டுப் போனீன்னா ஸ்டேஷன்ல போயி ஸ்டார் வார்ஸ் கதை சொல்லிட்டு இருக்கணும். மரத்துலயோ அட்டையிலயோ பண்ணிக்கோ.

மூணுகட்டை:
நன்றிங்கண்ணே, வெல்டு வரி விஷயம் நான் யோசிக்காதது.

துல்லியம் சார், ஒரு கேள்வி. முதல் படத்துலயே ஒரே ஒரு வாள் இல்லையே? இடுப்புல தொங்கறது ஒண்ணு. சண்டையில பிடிச்சது வேற: கைப்பிடிக்குள்ள மோட்டார், மேல ஒளியைத் திருப்பி அடிக்கிற ஸ்காட்ச்லைட் சுத்தின குச்சி, அது சுழலும். ஒளியை அப்புறம் ஃபிலிம் மேல ஏத்தினாங்க. அப்ப எதை வெச்சு அளவெடுக்கிறது?

துல்லியம்:
எதைச் செய்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுச் செய்வது. இடுப்பில் தொங்குவது என்றால் அது, சண்டை வாள் என்றால் அது. பல பிரதிகள் இருப்பதால் அளவே வேண்டாம் என்று ஆகிவிடாது.

கடைசல் அண்ணன் சொன்ன கணக்கை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பைப்பில், சரியான இடத்தில் வெட்டிய கழுத்தும் சரியான கிளாம்பும் வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். நீங்கள் படத்தில் மாட்டியிருப்பது தோட்டத்துக் குழாய்க்கான கிளிப். அதன் திருகு முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. கிராஃப்ளெக்ஸ் கிளாம்பில் மடக்கி மூடும் நெம்புகோல் இருக்கும். பத்தடி தூரத்திலிருந்தே வித்தியாசம் தெரிகிறது.

இருட்டறை:
எனக்கு இன்னொரு சந்தேகம். அந்த டார்ச் எரியுமா? எரிகிற டார்ச்சை அறுத்திருந்தால் நீங்களும் அவர்களும் ஒன்றுதான்.

மூணுகட்டை:
எரியாதுங்க. கட்டை உள்ளேயே கசிஞ்சு, பச்சையா களிம்பு ஏறி, ஸ்பிரிங் அரிச்சுப் போனது. அடிமூடியைத் திறக்கவே மண்ணெண்ணெயில ஊற வெச்சேன். நல்ல டார்ச்சா இருந்தா கடைக்காரரே எடைக்குப் போட மாட்டார்.

கிளாம்பை மாத்திடறேன். பழைய ஸ்டீல் சாப்பாட்டுக் கேரியரோட பக்கவாட்டுக் கொக்கி நெம்புகோல் மாதிரியே மடங்குது, அதைத் தகட்டோட வெட்டி எடுத்து வளைச்சுப் பார்க்கப் போறேன். கால்குலேட்டர் லென்ஸ் இங்க கிடைக்காது, கண்ணாடி வளையல் கடை மணியைப் பாதியா அரைச்சு வரிசையா ஒட்டலாம்னு இருக்கேன்.

துல்லியம்:
மணி வேண்டாம். உருண்டை ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். அசலில் அது ஒரே துண்டு. தெளிவான எபாக்ஸிப் பிசினைச் சின்ன அச்சில் ஊற்றி எடுங்கள். கிளாம்பின் அகலமும் குமிழ் இடைவெளியும் என்னிடம் இருக்கின்றன, தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஆனால் முடித்துப் படம் போடும்போது தலைப்பில் ரெப்ளிகா என்று போடாதீர்கள்.

மூணுகட்டை:
அளவை அனுப்புங்க சார். தலைப்பை நான் பார்த்துக்கிறேன்.