பெர்லினில் அம்மா தனியாக ரயிலில் போய்வர எந்தப் பயணச்சீட்டு நல்லது?

வில்மர்ஸ்டார்ஃப் மகள்:
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு வாரம் எங்களோடு தங்கப் போகிறார். நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவதால், பிரிட்ஸில் உள்ள முருகன் கோயிலுக்கு அவர் தனியாகத்தான் போய்வர வேண்டும். ஃபேர்பெலினர் பிளாட்ஸில் ஊ7 சுரங்க ரயில் ஏறினால் வேறு வண்டி மாறாமல் பிளாஷ்கோஅல்லேயில் இறங்கிவிடலாம். வழி கடினமில்லை, பயணச்சீட்டுதான் கவலை.

சென்ற முறை நான்கு பயணங்களுக்கான சீட்டை நானே இயந்திரத்தில் எடுத்துக் கொடுத்திருந்தேன். அம்மா அதைத் திருநீற்றுப் பொட்டலத்தோடு கைக்குட்டையில் முடிந்து பத்திரமாக வைத்திருந்தார். சாதாரண உடையில் வந்த பரிசோதகர் கேட்டதும் முடிச்சை அவிழ்த்து நீட்டியிருக்கிறார். முத்திரை குத்தாத சீட்டு செல்லாது என்று 60 யூரோ அபராதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய சீட்டு கையில் இருந்தும் எல்லோர் முன்னும் தலைகுனிந்து நிற்க நேர்ந்ததே என்று அன்றிரவு அவர் சாப்பிடவே இல்லை. முத்திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டது என் தவறு. இம்முறை அவர் பயமில்லாமல் போய்வர என்ன செய்யலாம்?

ரிங்பான் பயணி:
அம்மா மீது குற்றமே இல்லை, சகோதரி. பெர்லின் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. நேரே நடைமேடைக்குப் போய் வண்டியில் ஏறிவிடலாம். அதனால் புதிதாக வருபவருக்கு, சீட்டை வாங்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்பது தோன்றுவதே இல்லை. நடைமேடையில் சிவப்பு அல்லது மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு பெட்டி நிற்கும். அதன் வாயில் சீட்டைச் செருகி எடுத்து, நேரமும் இடமும் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஏற வேண்டும். சுரங்க ரயிலுக்குள் அந்தப் பெட்டி இருக்காது. பேருந்திலும் டிராமிலும் மட்டுமே உள்ளே இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒற்றைப் பயணச் சீட்டு இரண்டு மணி நேரம் செல்லும், இடையில் வண்டி மாறலாம், இறங்கியும் ஏறலாம். ஆனால் வந்த வழியே திரும்ப அது செல்லாது. கோயிலில் அரை மணி நேரமே இருந்தாலும் வீடு திரும்ப வேறு சீட்டு வேண்டும். நான்கு பயணச் சீட்டு என்றால், போக ஒன்றும் வர ஒன்றுமாக முத்திரை குத்த வேண்டும். இது தெரியாமல் மாட்டிக்கொள்பவர்களும் நிறைய.

ஸ்பாண்டாவ் அண்ணன்:
ஆறு வாரத்துக்கு ஒற்றைச் சீட்டுகளை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025 ஜனவரியில் 58 யூரோவான டாய்ச்லாண்ட் டிக்கெட் நாடு முழுவதும் உள்ளூர், வட்டார வண்டிகளில் செல்லும். ஆனால் அது மாதச் சந்தா. நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். பெயருக்குரியவர் மட்டுமே பயன்படுத்தலாம், கைப்பேசியிலோ சில்லு அட்டையிலோதான் கிடைக்கும். கைப்பேசியில் பழக்கமில்லாத ஒருவருக்கு இது இன்னொரு பதற்றம்.

எனக்குச் சரியாகப் படுவது, பெயர் குறிக்காத மாதச்சீட்டான உம்வெல்ட்கார்ட்டே. அதை வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நாள் முழுவதும், மற்ற நாட்களில் இரவு 8 மணிக்குப் பிறகும் அதை வைத்திருப்பவர் இன்னொரு பெரியவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். முதல் நாள் நீங்களே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அம்மா பெட்டியைத் தேட வேண்டியதில்லை. கோயிலும் உங்கள் வீடும் நகர எல்லைக்குள் அடங்கும் ஏபி கட்டண மண்டலத்துக்குள் இருப்பதால் அந்த மண்டலச் சீட்டே போதும்.

வில்மர்ஸ்டார்ஃப் மகள்:
இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவை அழைத்துவர விமான நிலையம் போகும்போதும் ஏபி செல்லுமா?

ஸ்பாண்டாவ் அண்ணன்:
செல்லாது. விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. ஏபி மாதச்சீட்டு கையில் இருந்தால், சி மண்டலத்துக்கான இணைப்புச் சீட்டை மட்டும் கூடுதலாக வாங்கினால் போதும்; இல்லையென்றால் ஏபிசி சீட்டு எடுங்கள். இணைப்புச் சீட்டிலும் முத்திரை வேண்டும். அம்மாவை வைத்துக்கொண்டே விமான நிலைய நடைமேடையில் அந்தப் பெட்டியைக் காட்டி, அவர் கையாலேயே ஒரு முறை குத்தச் சொல்லுங்கள்.