தொடரிணைப்பில் ஒரு பல்பு மட்டும் எரியவில்லை, ஏன்?

மின்மினி:
வணக்கம். 1.5 வோல்ட் செல் நான்கை வரிசையாக வைத்து, இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் மாட்டினேன். ஒன்று நன்றாக எரிகிறது, மற்றது துளிகூட இல்லை. முதலில் வரும் பல்பே மின்னோட்டத்தை எல்லாம் எடுத்துக்கொள்கிறதோ என்று இடம் மாற்றிப் பார்த்தேன். அப்போதும் அதே பல்புதான் இருட்டு. தனியாக மாட்டினால் பளிச்சென்று எரிகிறது. தொடரிணைப்பில் மின்னோட்டம் எங்கும் சமம் என்றுதானே படித்தோம்? நாளை மறுநாள் வகுப்பில் செய்து காட்ட வேண்டும், உதவுங்கள்.

வயர்மேன்:
பல்பு ஃபியூஸ் போயிருக்கும். மாற்றிப் பாருங்கள்.

கரும்பலகை:
தனியாக எரிகிறது என்கிறாரே. இழை அறுந்திருந்தால் சுற்றே துண்டாகி இரண்டும் அணைந்திருக்கும். எனக்கு ஹோல்டர் மேல்தான் சந்தேகம். எரியாத பல்பைக் கழற்றுங்கள். மற்றது எரிந்துகொண்டே இருந்தால் அந்த ஹோல்டர் ஷார்ட் ஆகியிருக்கிறது. அணைந்துவிட்டால், மின்னோட்டம் எரியாத பல்பு வழியாகத்தான் போகிறது. அப்புறம், பல்புகளின் மேல் என்ன எண் பொறித்திருக்கிறது?

மின்மினி:
கழற்றியதும் மற்றதும் அணைந்துவிட்டது! எரிவதில் 6 வோல்ட், 0.06 ஆம்பியர். எரியாததில் 6 வோல்ட், 0.5 ஆம்பியர். பெரிய பல்புதான் எரியவில்லை, அதுதான் குழப்பம்.

வயர்மேன்:
கேள்வியை முழுசாகப் படிக்காமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

கரும்பலகை:
விடை அந்த எண்களில்தான். வோல்ட்டை ஆம்பியரால் வகுங்கள்: சின்னது 100 ஓம், பெரியது 12 ஓம். மொத்தம் 112 ஓம் என்றால் 6 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 0.054 ஆம்பியர். இது இரண்டுக்கும் சமம்தான். ஆனால் வெளிச்சத்தைத் தீர்மானிப்பது திறன், அதாவது மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை. சின்னதற்கு வேண்டியது 0.36 வாட், கிடைப்பது 0.29. பெரியதற்கு வேண்டியது 3 வாட், கிடைப்பதோ 0.03. எப்படி எரியும்? பக்க இணைப்பில் மாட்டுங்கள், கதை தலைகீழாகும்.

மின்மினி:
புரிந்தது சார். ஆனால் பெரிய பல்பின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் 0.08 வோல்ட்தான் காட்டுகிறது. 0.054 × 12 = 0.65 வர வேண்டுமே?

கரும்பலகை:
பலே, அளந்தே பார்த்துவிட்டீர்களா! உங்கள் கணக்கும் சரி, மீட்டரும் சரி. நான் போட்ட 12 ஓம்தான் இங்கே செல்லாது. அது இழை தகதகவென்று ஒளிரும்போது உள்ள மதிப்பு. எரியும் டங்ஸ்டன் இழையின் வெப்பம் சுமார் 2000 டிகிரி செல்சியஸ். அப்போது அதன் தடை குளிர்ந்த நிலையில் இருப்பதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. உங்கள் பெரிய பல்பு சூடாகவே இல்லை. ஓம் விதியில் 'வெப்பநிலை மாறாதபோது' என்று ஒரு நிபந்தனை வருமே, பலர் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவது, அது இதற்காகத்தான். பல்பைச் சுற்றிலிருந்து கழற்றி ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் சிறு மதிப்பைக் கழிக்க மறக்காதீர்கள்.

மின்மினி:
1.6 காட்டியது, முனைகளுக்கு 0.3 போனால் 1.3 ஓம். அப்படியானால் மொத்தத் தடை 101.3 ஓம், மின்னோட்டம் ஏறத்தாழ 0.06 ஆம்பியர். அதனால் 1.3-ஐப் பெருக்கினால் 0.08 வோல்ட் வந்துவிட்டது! பக்க இணைப்பில் பெரியதுதான் அதிகமாக எரிகிறது. இரண்டையும் சேர்த்தே செய்து காட்டப் போகிறேன்.